இடாப்பில் ஒரு புள்ளி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் இதுவரை எழுதியவற்றில் மிக நீளமானது, கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்த காலத்தில் எழுதிய ஒரு விடுப்புக் கடிதம். அது ஒன்பது வரி. அதையும் முகாமையாளரிடம் நேரே கொடுக்கக் கூச்சப்பட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஒருத்தி, இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் புத்தி சொல்ல வெளிக்கிட்டிருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. நீங்கள் மூவரும் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் ஒரு பிழையை நான் செய்தாகிவிட்டது. அதையே நீங்களும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு. ஓய்வு என்று சொல்லும் வயதில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. போனில் ஓடுகிற சின்ன எழுத்துகளை இனி என்னால் பிடிக்க ஏலாது. எங்கள் வேலையில் பாதி அந்த எழுத்துகளைப் பார்ப்பதுதான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இறுப்பிட்டியில் உள்ள எங்கள் இல்லத்துக்குப் பகலில் வருகிறவர்கள் எல்லாரும் ஓட்டிசம் உள்ள வளர்ந்த ஆட்கள். பிள்ளைகள் அல்ல. முதல் வாரம் உங்களில் ஒருத்தர் அவர்களில் ஒருவரை "செல்லம்" என்று கூப்பிட்டதைக் கேட்டேன். அந்த மனுசருக்குக் கூப்பிட்டவரைவிட ஏழு வயது கூட. அவர்களில் நாலு பேர் நேரலை செய்கிறார்கள். ஒருவர் துணி மடிப்பதைக் காட்டுகிறார். அதற்கும் பார்க்க ஆட்கள் உண்டு, நானும் ஒருத்தி. குகன் காட்டுவது குறிகட்டுவான் துறையில் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் வந்து போவதை.

குகனுக்கு முப்பத்தொன்று. தகப்பன் தென்பகுதியில் கடை வைத்திருந்து இறந்தவர், தமையன் லண்டனில், இங்கே குகனும் தாயும்தான். வீட்டில் ஒருநாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அது பெருநாள். துறையில் போனைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு மணித்தியாலம் பேசுவார். எந்தப் படகு, எந்த நிமிடம், என்ன காற்று, இயந்திரம் என்ன சத்தம் போடுகிறது, இடிபடாமல் இருக்கப் படகின் பக்கத்தில் எத்தனை பழைய ரயர் கட்டித் தொங்குகிறது. அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இல்லத்தின் போனில் கருத்துகளைக் கவனிப்பது என் வேலை. கேலி செய்கிறவர்களைத் தடை செய்வதும் என் பொறுப்பு.

எனக்கு அந்த வேலை பிடித்துக்கொண்டது. நான் யாருக்கும் முகம் காட்டத் தேவையில்லை. காலை ஏழு மணிக்கு நயினாதீவு அம்மனிடம் போகிற சனம் வெள்ளை வேட்டியும் அர்ச்சனைத் தட்டுமாக எங்களைக் கடந்துபோகும். துறையில் சீட்டு எழுதுகிற அண்ணை தினமும் ஒரே பகிடியை விடுவார்.

"என்ன அக்கா, படம் எப்ப தியேட்டருக்கு வருது?"

குகன் திரும்பாமலே சொல்வார். "இது படம் இல்லை. லைவ்."

வெளிநாட்டிலிருந்து பார்க்கும் எங்கள் ஊர்ச் சனம் கேட்கும். "தம்பி, ஒருக்கா ரோட்டுப் பக்கம் திருப்பும், எங்கட வீடு தெரியுதோ பாப்பம்." குகன் போனை அசைக்காமல் பதில் சொல்வார். "ஏலாது. இது லோஞ்ச் நேரம்." படகை நாங்கள் லோஞ்ச் என்போம். கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள்.

நேரலை தொடங்கும்போது அவர் ஒரு காரியம் செய்வார். இடாப்புக் கூப்பிடுவார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுகிறமாதிரி. நாலாம் வகுப்போடு அவரைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்கள். அங்கே அவருக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான் போல. ஒரு கொப்பியில் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் "உள்ளேன்" என்று எழுத வேண்டும். லண்டனில் நேரம் நடுச்சாமமோ விடியப்புறமோ, தமையன் எழும்பியிருந்து "உள்ளேன்" எழுதிவிட்டுப் படுப்பார். எழுதாதவருக்கு அன்று 'வரவில்லை' என்று கோடு. வெளிநாட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஆட்கள் அந்தக் கோட்டுக்குப் பயந்து எழுதுவதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த இடாப்பில் இரண்டு பேரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் தன்னைப் 'புளியங்கொட்டை' என்று எழுதிக்கொண்டவர். நோர்வேயில் இருக்கும் ஒரு பெண். வேறு பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் அவர்தான், என்னைவிட வயதில் இளையவர். தொடக்கத்தில் நான் குகனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பேன், "சிரியும், வணக்கம் சொல்லும், முகத்தைக் காட்டும்" என்று. அது ஒலிவாங்கியில் கேட்டிருக்கிறது. ஒருநாள் அவர் எழுதினார்:

"அக்கா, அவர் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். குரலில கேக்குது. முகத்தை விடுங்கோ. எனக்கும் ஓட்டிசம். முப்பத்தெட்டு வயசிலதான் ஆரோ சொல்லித் தெரியும். அதுவரைக்கும் ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் கன்னம் நோகச் சிரிச்சனான்."

நான் அன்றே வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு குகன் பேசியது கூடியது.

மற்றவருக்குப் பெயரே இல்லை. இலக்கம் மட்டும், 4471. குகன் "நாப்பத்தி நாலு எழுபத்தொண்டு" என்று கூப்பிடுவார். அந்த ஆள் "உள்ளேன்" எழுதுவதில்லை. ஒரு புள்ளி வைப்பார். வெறும் புள்ளி. இடாப்புக்கு ஒன்று, பிறகு நேரலையின் இடையில் எங்கேயோ இன்னொன்று. சில நாளில் மூன்று நாலு. ஒரு சொல் எழுதியது கிடையாது. குகன் அதைக் கண்டால் "சரி" என்பார், கொப்பியில் ஏதோ எழுதுவார். நான் அந்தக் கொப்பிக்குள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

இனி என் பிழை. சோளகம், அதுதான் கடலைக் கிளப்புகிற தென்மேற்குக் காற்று, தொடங்கிய நாட்களில் யாரோ ஒருவர் வந்து குகன் பேசுவதுபோலவே எழுதிக் கேலி செய்தார். "நாலு ரயர், நாலு ரயர், நாலு ரயர்" என்று திரை முழுக்க. எனக்குக் கை விறைத்துவிட்டது. கடையில் ஒருவர் சத்தம் போட்டாலே எனக்கு அப்படித்தான். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குகன் அமைதியாகப் பதில் சொன்னார். "நீங்கள் பிழை. அது அஞ்சு." அவருக்கு அது கேலியென்றே படவில்லை. ஆனால் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாய்க்குப் பட்டது. அன்று பின்னேரம் அவர் என்னிடம், "நீங்கள் பக்கத்தில இருக்கிறியள் எண்டுதானே நான் விடுறனான்," என்றார். இரவு முழுக்க அந்த வசனம் என் காதுக்குள் கிடந்தது.

பயந்து உறைந்த ஆள் அடுத்த முறை அளவுக்கு மிஞ்சிக் கடுமையாக இருப்பார். இதை உங்களுக்காக அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அந்த வாரமே ஒருவர் எழுதினார், "ஆர் இந்த விசரன், எந்த நேரமும் புள்ளி புள்ளியா வைக்கிறது? அந்தக் கேலிக்காரன்ர ஆளாத்தான் இருக்கும்." நான் இரண்டு செக்கன் யோசித்தேனோ என்னவோ. 4471ஐத் தடை செய்துவிட்டேன். குகனிடம் கேட்கவில்லை. என் கை விறைக்கவில்லை என்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

மறுநாள் இடாப்பு. "நாப்பத்தி நாலு எழுபத்தொண்டு."

ஒன்றும் வரவில்லை.

"நாப்பத்தி நாலு எழுபத்தொண்டு."

மற்றவர்களென்றால் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அன்று போகவில்லை. போனைப் பிடித்தபடி நின்றார். நயினாதீவுப் படகு வந்து கட்டியது, அதைச் சொல்லவில்லை. நெடுந்தீவுப் படகு வெளிக்கிட்டது, அதையும் சொல்லவில்லை. நான் அவரோடு இருந்த காலத்தில் ஒரு படகு சொல்லாமல் போனது அன்றுதான். பார்த்தவர்கள் போன் பழுதாகிவிட்டதென்று நினைத்தார்கள். எட்டு மணியளவில் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னாலே ஓடிப்போய், "குகன், அந்த ஆளை நான்தான் புளொக் பண்ணினனான்," என்றேன். அவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "அவர் பிழை ஒண்டும் விடேல்லை," என்றார். அதன் பிறகு மூன்று கிழமை அவர் துறைக்கு வரவில்லை. இல்லத்துக்கும் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், சாப்பாடு பாதிதான் என்று தாய் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

4471க்குப் போட்ட தடையை அன்றே எடுத்துவிட்டேன். தடை போட்டதை அவருக்குக் காட்டிய போன், எடுத்ததைக் காட்டாது. மூன்றாம் கிழமை முடிகிறபோது புளியங்கொட்டைக்கு எழுதிக் கேட்டேன், அந்த ஆள் தானாகத் திரும்பி வரமாட்டாரா என்று. பதில் உடனே வந்தது.

"நானெண்டா வரமாட்டன் அக்கா. போ எண்டு சொன்னா நான் போயிடுவன். சும்மா சொன்னதோ உண்மையாச் சொன்னதோ எண்டு திரும்பிப் பாக்கத் தெரியாது. நீங்கள்தான் போய்ச் சொல்லோணும்."

"ஆரெண்டே தெரியாதே. கனடாவோ சுவிஸோ."

"குகனுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அதுதான் என்னுடைய முழுப் பிழையும். தடை செய்ய முன்னமும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவரைச் சுற்றியிருந்த எல்லாரிடமும் கேட்டேன்.

அன்று பின்னேரம் குகனின் வீட்டுக்குப் போனேன். அறை வாசலில் நின்று, "குகன், அந்த ஆள் எங்க இருக்கிறார் எண்டு தெரியுமோ?" என்றேன். அவர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டித் தலையணைக்குக் கீழே இருந்த கொப்பியை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.

இடாப்புப் பக்கங்களுக்குப் பின்னால் வேறு பக்கங்கள் இருந்தன. இரண்டு வரிசை. ஒன்றில் 'நெடுந்தீவு லோஞ்ச் வெளிக்கிட்டது', மற்றதில் 'புள்ளி'. ஏழு பத்து, எட்டுப் பதினைந்து. ஏழு பத்து, எட்டுப் பன்னிரண்டு. ஏழு பதினாலு, எட்டு முப்பத்தொன்று. அந்தக் கடைசிக்குப் பக்கத்தில் 'கடல் பெரிசு' என்று எழுதியிருந்தது. நாளுக்கு ஒரு வரியாக, மாதக்கணக்கில்.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்று தீவகத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த ஆள் கனடாவிலும் இல்லை, சுவிஸிலும் இல்லை. நெடுந்தீவுத் துறையில் நின்று, படகு வந்து சேருகிறபோது புள்ளி வைத்திருக்கிறார். குகன் அனுப்புகிறார், அவர் பெற்றுக்கொள்கிறார். பலர் பார்க்கிற திரையில், அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வேலை காலைதோறும் நடந்திருக்கிறது. நான் அதற்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து காவல் காத்திருக்கிறேன்.

"நாளைக்கு நான் ஏழு மணி லோஞ்சில நெடுந்தீவுக்குப் போறன்," என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஏழு இல்லை. ஏழு பத்து."

உண்மையைச் சொல்கிறேன், நான் அதுவரை நெடுந்தீவுக்குப் போனதில்லை. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், அம்மன் துணை, கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம். நெடுந்தீவுக் கடல் அப்படியில்லை. சீட்டு எழுதுகிற அண்ணை என்னைப் பார்த்துப் பேனையை வைத்துவிட்டார்.

"சோளகத்துக்க நெடுந்தீவில என்ன அக்கா வேலை?"

"ஒராளிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."

"போன் அடிச்சாக் காணாதோ?"

"நம்பர் இல்லை."

"பேர்?"

"பேரும் இல்லை."

அவர் சீட்டை எழுதித் தந்தார். "திரும்பி வந்தா முழுக்கதையும் சொல்லோணும்," என்றார்.

எட்டரைக்குப் போய் இறங்கினேன். எப்படிப் போனேன் என்பதை விட்டுவிடுகிறேன். துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் ஆற்றிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் போய்க் கதைப்பதென்றால் எனக்கு இரண்டு நாள் ஆயத்தம் வேண்டும். அன்று இரண்டு மிடறு தேத்தண்ணிதான் ஆயத்தம்.

"இஞ்ச லோஞ்ச் வாற நேரத்தைப் பாத்துப் போனில புள்ளி வைக்கிற ஆரும்…" என்று தொடங்கினேன். கேட்க எனக்கே விசர்க்கதையாக இருந்தது.

அவர் ஆற்றுவதை நிறுத்தினார். "நீங்களோ அந்தப் புளொக் பண்ணின ஆள்?"

"ஓம்."

"வடிவாச் செய்தியள்." கோப்பையை வைத்தார். "என்ர தம்பி ராசன். நாப்பது வயசு. ஒருநாளும் கதைக்கிறேல்லை. உந்தத் துறையில தினமும் வந்து நிண்டவன். மூண்டு கிழமையா இல்லை. போனை அலுமாரிக்க வைச்சுப் பூட்டிப்போட்டான். 'வேண்டாமாம்' எண்டு ஒரு கடதாசியில எழுதித் தந்தவன். பூட்ட முன்னம் போனைப் பாத்துத்தான் ஆரோ புளொக் பண்ணினதெண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டுதான் விளங்கேல்லை."

"நான் அவரோட ஒரு சொல்லுக் கதைக்கலாமோ?"

"உங்களைக் கண்டா உள்ளுக்க போய்க் கதவைச் சாத்துவான். என்னோடயே கடதாசியிலதான் கதை. சொல்லுறதை அந்தப் போனிலயே சொல்லுங்கோ. நான் எடுத்து அவனுக்குப் பக்கத்தில வைக்கிறன். பாக்கிறதும் விடுறதும் அவன்ர பாடு."

அங்கேதான் எனக்கு விளங்கியது, நான் நேரலை செய்யவேண்டும் என்று. இத்தனை காலமும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் நான். திரும்பும் படகு இரண்டரைக்கு. இரண்டு மணிவரை கடை வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்து, சொல்லவேண்டியதை மனதுக்குள் நாலு தரம் எழுதிப் பார்த்தேன். இரண்டு மணிக்குத் துறையில் போய் நின்று, இல்லத்தின் போனில் குகனின் பக்கத்திலேயே நேரலையைத் தொடங்கித் தூக்கிப் பிடித்தேன். எழுதிய நாலும் மறந்துபோயிற்று. படகுக்கு நின்ற சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. குகன் எப்படித் தொடங்குவார் என்று யோசித்தேன். இடாப்பைக் கூப்பிட்டேன்.

"புளியங்கொட்டை."

"உள்ளேன்" என்று வந்தது.

குகனின் தமையனைக் கூப்பிட்டேன். "உள்ளேன். அக்கா, நீங்களோ?" என்று வந்தது.

"நாப்பத்தி நாலு எழுபத்தொண்டு," என்றேன். "உங்களைத் தடை செய்தது நான். குகன் இல்லை. நீங்கள் பிழை ஒண்டும் விடேல்லை. நான் கேக்காமச் செய்துபோட்டன். குகன் மூண்டு கிழமையா ஒரு லோஞ்சும் சொல்லேல்லை. உங்களுக்காகத்தான் நிக்கிறார்." ஒருதரம் மூச்செடுத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். "நாப்பத்தி நாலு எழுபத்தொண்டு."

கடைக்குப் பின்னால் அவர்கள் வீட்டு யன்னல் திறந்திருந்தது. அதில் ஒரு முழங்காலும் இடுப்பில் உடுத்திருந்த கோடு போட்ட சாரமும் மட்டும் தெரிந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்தேன். சனமும் கடலைப் பார்த்தது. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்றுக்காக ஒரு மனுசி காத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது விளங்கியிருக்கும்.

திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

நான் "சரி" என்றேன். கடை வாசலில் நின்ற தமக்கை தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு அடுத்த கருத்து வந்தது. குகனுடைய பெயரில்.

"எத்தினை ரயர் எண்டு சொல்லேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூச்சத்தோடு சிரிக்கிற சிரிப்பில்லை. படகைப் பார்த்து எண்ணி, "நாலு," என்றேன்.

"அஞ்சு. பின்னால பாருங்கோ."

பின்னால் பார்த்தேன். ஐந்துதான்.

படகு வெளிக்கிட்டபோது யன்னலில் முழங்கால் இல்லை. துறைச் சுவரின் ஓரத்தில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய தொப்பி போட்ட ஒருவர் போனோடு நின்றார். நான் கை காட்டவில்லை. புளியங்கொட்டை என்னைப் பழக்கியிருந்தார்.

குறிகட்டுவானில் நான் இறங்கும்போது குகன் தன் வழமையான இடத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "நெடுந்தீவு லோஞ்ச், மூண்டு நாப்பத்தொண்டு. காத்துச் சோளகம். ரயர் அஞ்சு. அக்கா சத்தி எடுத்திருக்கிறா."

வாந்தியெடுத்த முகத்தோடு நின்ற என்னைப் பார்த்துச் சீட்டு எழுதுகிற அண்ணைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அக்கா, கதையில அதையும் சேருங்கோ," என்றார். சேர்த்துவிட்டேன்.

இந்தக் கதையைக் கேட்ட பலர், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் இருத்தி ஒரு படம் எடுக்கலாமே என்று கேட்டார்கள். உங்களிடமும் கேட்பார்கள். நான் இரண்டு பேரிடமும் கேட்டேன். குகன் "ஏலாது, லோஞ்ச் நேரம்," என்றார். ராசன் கடதாசியில் 'ஏன்?' என்று எழுதி அனுப்பினார். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். நீங்களும் விடுங்கள். அவர்களே கேட்டால் சீட்டுக்குச் சொல்லி வையுங்கள், கடல் அமைதியான நாளாகப் பாருங்கள்.

யாரையும் தடை செய்வதற்கு முன் நேரலைக்கு உரியவரிடம் கேளுங்கள். அவர் சொல்லவில்லை என்றால் கொப்பியைக் கேளுங்கள். எனக்கு இதற்கு மூன்று கிழமையும் ஒரு கடலும் தேவைப்பட்டன.

மறுநாள் ஏழு மணிக்கு இடாப்பு நடந்தது. நெடுந்தீவுப் படகு ஏழு பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டது. கடல் பெரிது. எட்டு இருபத்தாறுக்குப் புள்ளி வந்தது.